மூன்று சிலிண்டர், ஐந்து நட்சத்திரம்: புது டிசையரை வீட்டு வண்டியாக எடுக்கலாமா?

வில்லாபுரம் வாத்தியார்

வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டில் நிற்பது 2013 மாருதி டிசையர் டீசல். வண்டியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் அது ஏர்பேக் இல்லாத கீழ் வகை. அன்றைக்கு அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. இப்போது பின் சீட்டில் 9 வயதுப் பையனும் 4 வயதுப் பெண்ணும் மூட்டுவலிக்கார அம்மாவும் உட்காரும்போது யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அதனால் 2024 நவம்பர் 11 அன்று வந்த நான்காம் தலைமுறை டிசையரை எடுக்கலாம் என்று இருக்கிறேன். பெட்ரோல், கையால் கியர் போடுவது. தினம் பள்ளிக்கூடம், மாதம் ஒருமுறை உசிலம்பட்டி பக்கம் சொந்த ஊர், வருடத்துக்கு இரண்டு தடவை திருச்செந்தூரோ கொடைக்கானலோ, அவ்வளவுதான் எங்கள் ஓட்டம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தலைமுறையில் மாறியதிலேயே பெரியது என்ஜின் இல்லை, உடல்தான். இதே குடும்பத்து ஸ்விஃப்ட் 2018 குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 2 நட்சத்திரம் வாங்கியது, விதிகளைக் கடுமையாக்கிய பிறகு 2022-இல் 1 நட்சத்திரத்துக்கு இறங்கியது. அங்கிருந்து புது டிசையர் பெரியவர்கள் பாதுகாப்பில் 34-க்கு 31.24 வாங்கி 5 நட்சத்திரத்துக்கு வந்திருக்கிறது. மாருதியின் வண்டி ஒன்று 5 நட்சத்திரம் வாங்கியது அதுதான் முதல் தடவை. 6 ஏர்பேக், வண்டி வழுக்கினால் பிடித்து நிறுத்தும் இஎஸ்பி, 5 பேருக்கும் மூன்று முனை பெல்ட், எல்லாமே அடிப்படை வகையிலிருந்தே உண்டு.

ஆனால் யாரிடம் கேட்டாலும் "நாலு சிலிண்டரை மூணாக்கிட்டான்" என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. 8 குதிரைத்திறன் குறைந்தது என் குடும்பத்துக்கு ஒரு பொருட்டா? இல்லை என்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுத்தால் காது கொடுத்துக் கேட்கிறேன்.

காளவாசல் பட்டறை

மறுக்கிறேன் சார். 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், காரணத்தோடுதான் மறுக்கிறேன்.

போன தலைமுறையில் இருந்தது 4 சிலிண்டர் கே வரிசை பெட்ரோல் என்ஜின். கடைசியில் 90 குதிரைத்திறன், இழுவிசை 113 நியூட்டன் மீட்டர். மென்மை என்றால் அப்படி ஒரு மென்மை. சிக்னலில் நிற்கும்போது ஓடுகிறதா அணைந்துவிட்டதா என்று மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த என்ஜினை எடுத்துவிட்டு இசட் வரிசையில் 3 சிலிண்டர் வைத்திருக்கிறார்கள். 82 குதிரைத்திறன், 111.7 நியூட்டன் மீட்டர். காகிதத்தில் பார்த்தால் சின்ன வித்தியாசம்தான். ஏசியைப் போட்டு, 5 பேரை ஏற்றி, டிக்கி நிறைய சாமானும் வைத்துக்கொண்டு காட்ரோடு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது அந்தச் சின்ன வித்தியாசம் சின்னதாக இருக்காது.

அதிர்வு இன்னொன்று. நான் ஒரு கம்பெனியைச் சொல்லவில்லை, என் பட்டறைக்குப் பல கம்பெனி மூன்று சிலிண்டர் வண்டிகள் வருகின்றன. 70, 80 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியதும் என்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் தளர்ந்து, நிறுத்தத்தில் ஸ்டீயரிங், கண்ணாடி, டேஷ்போர்டு என்று எல்லாம் மெல்ல நடுங்க ஆரம்பிக்கும். நாலு சிலிண்டரில் அதே ரப்பர் இரண்டு மடங்கு தாங்கும். இது என் கைப்பட்ட அனுபவம்.

நீங்கள் ரிங் ரோட்டில் 5 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்திருப்பீர்கள், பக்கத்தில் விற்பனைப் பையன் மட்டும் உட்கார்ந்திருப்பான். அதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். பின்னால் இன்னும் டிரம் பிரேக்தான் என்பதையும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அழகர்கோவில் ரோடு

அரசுப் போக்குவரத்தில் பணிமனைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டறைத் தம்பி சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்குக் கொஞ்சம் விளக்கம் தேவைப்படுகிறது.

சிலிண்டரைக் குறைத்தது செலவை மிச்சம் பிடிக்க மட்டும்தான் என்று ஒரு பேச்சு இருக்கிறது. செலவும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அளவுகளைப் பாருங்கள். பழைய என்ஜினில் சிலிண்டரின் விட்டம் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 71.5. புதியதில் விட்டம் 74, ஏறி இறங்கும் தூரம் 92.8. பெருக்கிப் பார்த்தால் இரண்டுமே 1197 சிசி. அதாவது 300 சிசி உள்ள நான்கு குண்டான்களுக்குப் பதில் 400 சிசி உள்ள மூன்று குண்டான்கள், அதுவும் ஒல்லியாக உயரமாக. சின்னச் சின்னக் குண்டான் நான்கில் சோறு பொங்கினால் சுவர் வழியாகப் போகும் சூடு அதிகம், பெரிய குண்டானில் குறைவு. என்ஜினிலும் அதுதான் கதை. எரியும் இடத்தின் கொள்ளளவோடு ஒப்பிட்டால் சுவரின் பரப்பு குறைகிறது, வெப்பம் வீணாகாமல் பிஸ்டனைத் தள்ளுகிறது. ஒரு பிஸ்டன், அதன் ரிங்குகள், அதன் பேரிங் எல்லாம் இல்லாமல் போவதால் உராய்வும் குறைகிறது. பழைய வண்டிக்குச் சோதனையில் கொடுத்த மைலேஜ் லிட்டருக்கு 22.41. புதியதுக்கு 24.79. இரண்டும் கையால் கியர் போடுவது. நம் சாலையில் இரண்டுமே அந்த அளவு தராது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி பொய் இல்லை.

இதற்குக் கொடுக்கும் விலை என்ன? பிஸ்டன் நீண்ட தூரம் போய் வருவதால் அதிகச் சுற்றில் ஓட அதற்குப் பிடிக்காது. பழையது உச்ச சக்தியைக் கொடுத்தது நிமிடத்துக்கு 6000 சுற்றில், இது 5700-இலேயே கொடுத்துவிடுகிறது. மிதித்து ஓட்டுகிறவனுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

அதிர்வு விஷயத்துக்கு வருகிறேன். நான்கு சிலிண்டரில் 180 பாகைக்கு ஒரு வெடிப்பு, மூன்றில் 240 பாகைக்கு ஒன்று. மெதுவான சுற்றில் அந்த இடைவெளி காலுக்குத் தெரியும். அதோடு மூன்று பிஸ்டனும் ஒன்றையொன்று மேலும் கீழும் சமன் செய்துகொண்டாலும், என்ஜினின் ஒரு முனை எழும்போது மறுமுனை தாழும், ஏற்றப்பலகை விளையாட்டு மாதிரி. மவுண்ட் ரப்பர்தான் அதைத் தாங்குகிறது. தம்பி பட்டறையில் பார்ப்பது உண்மைதான், அதற்குக் காரணம் இதுவே. ஆனால் மவுண்ட் என்பது மாற்றக்கூடிய ரப்பர். வண்டியின் உடல் மாற்றக்கூடியது இல்லை.

மேலூர் டாக்ஸி

வாத்தியார் சார், நான் தினமும் 250 கிலோமீட்டர் ஓட்டுகிறவன், என் கணக்கு வேறு.

எனக்கு அந்த 1.3 டீசல்தான் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. 75 குதிரைத்திறன்தான், ஆனால் 190 நியூட்டன் மீட்டர், அதுவும் 2000 சுற்றிலேயே வந்துவிடும். மூன்றாவது கியரில் போட்டுவிட்டு மலை ஏறிய வண்டி அது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி வந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். அதை ஓட்டிப் பழகிய காலுக்கு 113-ம் ஒன்றுதான், 111-ம் ஒன்றுதான், ரெண்டுமே இழுக்காது. உங்கள் வீட்டில் நிற்பதும் அந்த டீசல்தான் என்கிறீர்கள். அதனால் நீங்கள் பழைய பெட்ரோலோடு புதுப் பெட்ரோலை ஒப்பிடவே வேண்டாம், எதை எடுத்தாலும் முதல் ஒரு மாதம் வண்டி சோம்பேறியாகத்தான் தெரியும்.

நான் சொல்ல வந்தது வேறு. 5 நட்சத்திரம், 5 நட்சத்திரம் என்கிறீர்களே, அந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். 64 கிலோமீட்டர் வேகத்தில், முன்பக்கத்தில் 40 சதவீதம் படுகிற மாதிரி ஒரு தடுப்பில் மோதுகிறார்கள். சரி. மேலூர் தாண்டிக் கொட்டாம்பட்டி பக்கம் ராத்திரி 2 மணிக்குப் போய்ப் பாருங்கள். நாலுவழிச் சாலை ஓரத்தில் பின் விளக்கு எரியாமல் லாரி நிற்கும், சில நேரம் ஓரத்தில்கூட இல்லை, பாதித் தடத்தில் நிற்கும். அதன் பின்னால் போய்ச் செருகினால் நம் பம்பர் லாரியின் அடிக்குப் போய்விடும், லாரியின் படுக்கை நேராகக் கண்ணாடிக்கு வரும். அந்த மோதலுக்கு நட்சத்திரம் கிடையாது சார். எத்தனை ஏர்பேக் இருந்தாலும் அங்கே வேலை இல்லை. நான் பார்த்த பெரிய விபத்துகள் எல்லாம் இந்த வகைதான், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அங்கே காப்பாற்றுவது விளக்கும் பிரேக்கும் வேகக் குறைவும்தான். புது வண்டியில் மேல் வகைகளில் எல்இடி முகப்பு விளக்கு வருகிறது. என்னைக் கேட்டால் சன்ரூஃபைவிட அதற்குத்தான் காசு கொடுப்பேன்.

அப்புறம் டிக்கி. சிஎன்ஜி எடுத்தால் கிலோவுக்கு 33.73 கிலோமீட்டர் என்று போடுகிறார்கள், என் மாதிரி ஆளுக்கு அது சோறு போடும். ஆனால் கேஸ் சிலிண்டர் டிக்கியைப் பாதிக்கு மேல் அடைத்துக்கொள்ளும். திருச்செந்தூர் போகும் குடும்பத்துக்கு அது உதவாது. நீங்கள் பெட்ரோல் என்று முடிவு செய்தது சரி.

வில்லாபுரம் வாத்தியார்

மேலூர் தம்பி சொன்ன லாரி விஷயம் உண்மையாகவே என்னை யோசிக்க வைத்தது. நான் நட்சத்திரத்தை முழுக் கவசமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் எல்லா மோதலும் லாரி மோதல் இல்லையே தம்பி. செக்கானூரணி சாலையில் எதிரில் முந்திக்கொண்டு வரும் வண்டி, குறுக்குச் சந்தில் இருந்து பாய்ந்து நம் கதவில் இடிக்கும் வேன், இவைதான் என் ஓட்டத்தில் வருகிற ஆபத்து. பக்கவாட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பை மோதவிட்டும் சோதிக்கிறார்கள், கம்பத்தில் மோதியும் பார்க்கிறார்கள். அங்கே உடலும், பக்கக் கண்ணாடியை மறைத்து விரியும் திரை ஏர்பேக்கும்தான் பேசும்.

புதூர் அக்கா

எல்லோரும் என்ஜினையும் இரும்பையும் பேசுகிறீர்கள். பின் சீட்டில் யார், எப்படி உட்காரப் போகிறார்கள் என்பதை ஒருவரும் கேட்கவில்லை.

குளோபல் என்கேப்பில் 5 நட்சத்திரம் வந்தது பெரியவர்களுக்கு. குழந்தைகளுக்கு 49-க்கு 39.20, அதாவது 4 நட்சத்திரம். 2025-இல் நம் பாரத் என்கேப் சோதித்தபோதுதான் குழந்தைகளுக்கு 41.57 வந்து இரண்டிலும் 5 ஆனது. இதில் மோதலுக்கான மதிப்பெண் 18 மாதம், 3 வயது அளவுள்ள பொம்மைகளைக் குழந்தை இருக்கையில் கட்டி வைத்து வாங்கியது. நம் ஊரில் குழந்தை எங்கே இருக்கிறது? ஆச்சி மடியில். இல்லையென்றால் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு. அந்தக் குழந்தைக்கு 0 நட்சத்திரம் சார், அது எந்த வண்டியாக இருந்தாலும்.

பெரியவர்களுக்கும் அதேதான். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது எவ்வளவோ பாதுகாப்பான விலை உயர்ந்த காரில், பின் சீட்டில், பெல்ட் போடாமல். அதன் பிறகு இரண்டு வாரம் எல்லோரும் பெல்ட்டைப் பற்றிப் பேசினோம். இன்றைக்குக் கோரிப்பாளையம் சிக்னலில் நின்று எண்ணிப் பாருங்கள், பின் சீட்டில் பெல்ட் போட்டவர் ஒருவர் கிடைப்பாரா?

சன்ரூஃப் உச்ச வகையில் மட்டும் வருகிறது. இந்த அளவு செடானில் இதுதான் முதல் தடவை என்று விளம்பரம். மதுரை மே மாத வெயிலில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே போவது? திறப்பது சாயங்காலம், திறந்தால் பிள்ளைகள் எழுந்து தலையை வெளியே நீட்டும். போன சித்திரைத் திருவிழா நேரத்தில் தல்லாகுளத்தில் ஒரு வண்டியில் அப்படி இரண்டு பிள்ளைகள் நின்றதைப் பார்த்துவிட்டு, நான் என் வண்டியை நிறுத்தி அந்த அப்பாவிடம் போய்ச் சொன்னேன். திடீர் பிரேக் அடித்தால் வயிறு அந்தத் தகட்டின் விளிம்பில்தான் மோதும். வாத்தியார் சார், தயவுசெய்து உச்ச வகை வேண்டாம்.

கியர் பற்றி ஒரு வார்த்தை. நான் தினமும் புதூரிலிருந்து பெரியார் பக்கம் தானே கியர் மாற்றும் ஏஎம்டி வண்டியில் போய் வருகிறேன், இது வேறு கம்பெனி வண்டி. நெரிசலில் இடது காலுக்கு ஓய்வு என்பது பெரிய விஷயம். ஆனால் அதுவும் அதே கிளட்ச், அதே கியர் பெட்டிதான், நம் காலுக்குப் பதில் ஒரு இயந்திரக் கை மாற்றுகிறது. மாறும்போது தலை ஒருமுறை முன்னால் அசையும். டிசையரில் ஏஎம்டிக்குத்தான் மைலேஜ் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள், 25.71. உங்கள் வீட்டில் மனைவியும் ஓட்டுவார் என்றால் அவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

காளவாசல் பட்டறை

அக்கா சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஐயா சொன்ன குண்டான் கணக்கும் புரிந்தது, இவ்வளவு நாள் எனக்கு யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை.

ஆனால் ஒன்று. "மவுண்ட் மாற்றக்கூடியது, உடல் மாற்றக்கூடியது இல்லை" என்கிறீர்கள். அப்படியானால் இரண்டையும் ஏன் கொடுக்கக்கூடாது? கெட்டியான உடலும் வேண்டும், நாலு சிலிண்டரும் வேண்டும் என்று கேட்பது என்ன தப்பு? ஹோண்டா அமேஸ் மூன்றாம் தலைமுறை 2024 டிசம்பரில் வந்தது. இதே 4 மீட்டருக்குள், இதே 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், 90 குதிரைத்திறன். டிக்கி 416 லிட்டர். அதில் ஏஎம்டி இல்லை, மென்மையாகத் தானே மாறும் சிவிடி கியர். அவர்களால் முடிகிறது. மைலேஜ் குறைவு, லிட்டருக்கு 19 சொச்சம்தான், விலையும் கூட. ஆனால் மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டுகிற வாத்தியாருக்கு அந்த மைலேஜ் வித்தியாசம் எத்தனை லிட்டர் வரும்? கணக்குப் போட்டால் 12 லிட்டர்கூட வராது. அந்தக் காசுக்காக 10 வருடம் அந்த நடுக்கத்தோடு ஓட்ட வேண்டுமா?

வண்டி என்பது வீட்டில் ஒரு ஆள் மாதிரி சார். அதன் சத்தம் காதுக்குப் பழக வேண்டும்.

அழகர்கோவில் ரோடு

தம்பி, கேட்பது தப்பே இல்லை. ஆனால் இந்த 4 மீட்டர் கூண்டுக்குள் எதைக் கொடுத்தாலும் எதையாவது பிடுங்க வேண்டியிருக்கிறது, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2006 பட்ஜெட்டில்தான் இந்தக் கூண்டு வந்தது. 4000 மில்லிமீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500-க்குள் இருந்தால் உற்பத்தி வரி 24-இலிருந்து 16 சதவீதம். 2008-இல் முதல் டிசையர் வந்தபோது அதன் நீளம் 4160 மில்லிமீட்டர், டிக்கி 440 லிட்டர். 2012-இல் வரிக்காக 3995-க்கு வெட்டினார்கள். வெட்டு விழுந்தது டிக்கியில்தான், 316 லிட்டராகச் சுருங்கியது. வாத்தியார் வீட்டில் நிற்பது அந்த வண்டி. 2017-இல் இழுத்துப் பிடித்து 378, இப்போது 382. பதினாறு வருடம் மூன்று தலைமுறை மாற்றியும் முதல் வண்டியின் டிக்கி திரும்பி வரவில்லை. சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரமும் போன தலைமுறையில் இருந்த அதே 2450தான்.

இப்படி ஒரு இடத்துக்குள் மோதலைத் தாங்க முன்பக்கம் நசுங்கும் பகுதிக்கு இடம் வேண்டும். மூன்று சிலிண்டர் என்ஜின் நீளத்தில் குட்டை. என்ஜின் குறுக்காக உட்காருவதால் அந்த மிச்சம் அகலத்தில்தான் வரும். எத்தனை மில்லிமீட்டர் என்று நான் அளக்கவில்லை, ஆனால் வடிவமைக்கிற எவனும் அந்த மிச்சத்தை விட மாட்டான்.

திருநகர் இளைஞன்

பெரியவர்கள் மன்னிக்கவும், குறுக்கே வருகிறேன். இந்தக் கூண்டுக்குள்ளேயே ஏன் சுற்ற வேண்டும்? மேல் வகை டிசையர் வாங்கும் பணத்துக்கு மூன்று நான்கு வருடம் ஓடிய ஹோண்டா சிட்டி கிடைக்கிறதே. 1.5 லிட்டர், நாலு சிலிண்டர், 121 குதிரைத்திறன், 145 நியூட்டன் மீட்டர். டிக்கி 506 லிட்டர். சக்கர இடைவெளி 2600 மில்லிமீட்டர், 150 மில்லிமீட்டர் கூடுதல், அது பின் சீட்டுக்காரர்களின் முழங்காலுக்கு உதவும். வாத்தியார் சார் அம்மாவுக்கு மூட்டுவலி என்கிறார், காலை நீட்டி உட்காரலாம். பட்டறை அண்ணனுக்கும் சந்தோஷம்.

2025 செப்டம்பர் 22-இலிருந்து சின்ன வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், சிட்டி மாதிரி வண்டிக்கு 40. புதுசாக வாங்கினால்தான் அந்த வரி உறைக்கும். பழசு வாங்குகிறவனுக்கு முதல் ஆள் வரியைக் கட்டி முடித்துவிட்டான்.

வில்லாபுரம் வாத்தியார்

தம்பி, நல்ல யோசனைதான், எனக்கும் வந்தது. இரண்டு காரணத்தால் விட்டுவிட்டேன். ஒன்று, எங்கள் தெரு. வில்லாபுரத்தில் எங்கள் சந்தில் எதிரில் ஒரு ஆட்டோ நின்றால் இப்போதைய டிசையரே ஒடித்து ஒடித்துத்தான் திரும்பும். நாலரை மீட்டர் வண்டியை தினம் காலை 8 மணிக்கு அங்கிருந்து வெளியே எடுக்க என்னால் ஆகாது. மாசி வீதிப் பக்கம் போனால் இன்னும் கஷ்டம். இரண்டு, இன்னொருவர் ஓட்டிய வண்டியின் கதை எனக்குத் தெரியாது. முன்பு ஒரு பழைய கார் விற்பனைக் கடையில் என் தம்பி வாங்கிய வண்டி, முன்பக்கம் மோதி வெல்டு வைத்துப் பெயின்ட் அடித்தது என்று ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பாதுகாப்புக்காக வண்டி மாற்றுகிறவன் அந்த அபாயத்துக்குள் போகக் கூடாது என்று எனக்குப் பட்டது.

அம்மா விஷயத்தில் முழங்கால் இடத்தைவிட ஏறி இறங்குவதுதான் கஷ்டம். சீட் ரொம்பத் தாழ்ந்தாலும் வலிக்கும், ரொம்ப உயர்ந்தாலும் ஏற முடியாது. அவரையே ஒரு வண்டியில் ஏற்றிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

மேலூர் டாக்ஸி

சார், தெரிந்தவர் யாராவது புது டிசையர் வைத்திருந்தால் அவரிடம் ஒரு நாள் கேளுங்கள். ஷோரூம் வண்டி வேண்டாம். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சிறுமலை ஏறி இறங்குங்கள், 18 கொண்டை ஊசி வளைவு. கொடைக்கானல் வரை போக வேண்டியதில்லை, அந்த மலையே உண்மையைச் சொல்லிவிடும்.

வில்லாபுரம் வாத்தியார்

போய்விட்டு வந்தோம். என்னோடு வேலை பார்ப்பவர் வண்டி, கையால் கியர் போடுவது, 11 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது. பெட்ரோல் நிரப்பிக் கொடுப்பதாகச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை வாங்கினேன். 5 பேர், ஏசி, டிக்கியில் சாப்பாட்டுக் கூடை, தண்ணீர்க் கேன், இரண்டு பை.

பட்டறை அண்ணன் சொன்னது சரி. நாலுவழிச் சாலையில் திண்டுக்கல் வரை ஒன்றுமே தெரியவில்லை, 90-இல் அமைதியாகப் போகிறது. மலையில்தான் தெரிந்தது. வளைவில் வேகம் குறைந்து இரண்டாவது கியரில் 2000 சுற்றுக்குக் கீழே போனால் மறுபடி எழுந்திருக்க நேரம் எடுக்கிறது. மூன்று வளைவில் முதல் கியருக்கு இறங்கினேன். என் டீசலில் நான் அப்படிச் செய்ததே இல்லை. இரண்டு வளைவு கழித்து ஒரு பழக்கம் வந்தது, வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துச் சுற்றைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் ஏறிவிடுகிறது. ஓட்டும் முறையை நான் மாற்ற வேண்டும், வண்டி எனக்காக மாறாது. ஓர் ஏற்றத்தில் எதிரே பஸ் வந்து நிறுத்த வேண்டியதாயிற்று. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்னால் உருளாமல் இரண்டு நொடி பிடித்து நின்றது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்து ஏற்றிப் பழகிய எனக்கு அது பெரிய நிம்மதி.

நடுக்கம்: நிறுத்தத்தில் ஏசி போட்டிருந்தால் கியர்த் தண்டில் கை வைத்தால் தெரிகிறது. பின் சீட்டில் இருந்தவர்கள் யாரும் சொல்லவில்லை, நான் கேட்டபோதும் தெரியவில்லை என்றார்கள்.

அம்மா ஏறுவதற்கு எங்கள் பழைய வண்டிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றார். பின்னால் மூன்று பேர் என்பது இன்னும் நெருக்கம்தான், குழந்தை இருக்கை வைத்தால் மனைவி அங்கே உட்கார முடியாது, முன்னால்தான். பாப்பாவுக்குப் புதூர் அக்கா சொன்ன மாதிரி குழந்தை இருக்கை வாங்கி அதில்தான் வைத்துப் போனேன். முதல் அரை மணி நேரம் அழுதாள், வாடிப்பட்டி தாண்டித் தூங்கிவிட்டாள். அம்மா பெல்ட் போட மறுத்தார், தலைப்பு சிக்குகிறது என்றார். முந்தானையை இடுப்பில் செருகிவிட்டுப் போடலாம் என்று மனைவி காட்டிய பிறகு போட்டுக்கொண்டார்.

மனைவிக்கு ஏஎம்டி வேண்டாமாம், பழகிய கியரே போதும் என்றுவிட்டார். விஎக்ஸ்ஐ என்ற இடை வகைக்கு முன்பணம் கட்டிவிட்டேன். சன்ரூஃப் கிடையாது, 6 ஏர்பேக் உண்டு, பின் சீட்டுக்கு ஏசி காற்று வருகிறது. மேலூர் தம்பி சொன்ன எல்இடி விளக்கு இந்த வகையில் வராது, அது ஒன்றுதான் மனதில் உறுத்துகிறது. ராத்திரி ஓட்டத்தைக் குறைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

காளவாசல் பட்டறை

வாழ்த்துகள் சார். நாலு சிலிண்டர் விஷயத்தில் நான் மாறவில்லை, மூன்று வளைவில் முதல் கியர் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆனால் பாப்பாவைக் குழந்தை இருக்கையில் வைத்துப் போனேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டு என் மகனுக்கும் ஒன்று விலை கேட்டிருக்கிறேன்.

வண்டி வந்ததும் ஒருமுறை காளவாசல் பக்கம் கொண்டுவாருங்கள். காசு வேண்டாம். மவுண்ட் புதுசாக இருக்கும்போது கை வைத்துப் பார்த்து வைத்துக்கொள்கிறேன், 60 ஆயிரம் ஓடிய பிறகு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று ஒப்பிட எனக்கும் ஒரு கணக்கு வேண்டும்.